விண்டோஸ் ஏழு போடுவது சம்பந்தமாக மருமகனுக்கு

ஹஸன் அச்சகம்,
பிரதான வீதி, சாய்ந்தமருது.
மார்ச் 2010, வியாழக்கிழமை

கத்தார் நாட்டின் தோஹாவில் தொழில் பார்க்கும் எனது கண்ணியத்துக்குரிய மருமகன் முஸம்மில் அவர்களுக்கு, மாமா அபுல் ஹஸன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ் உங்களை அந்த ஊர் வெயிலிலிருந்தும் அந்த மெஸ் சாப்பாட்டிலிருந்தும் காப்பாற்றுவானாக. இங்கே நான், உங்கள் மாமி, உங்கள் மனைவி றிபாயா மூவரும் அவன் கிருபையால் சுகம். எனக்கு முழங்கால் நோவும் மாமிக்கு என்னால் வரும் தலையிடியும் உண்டு, அவை உங்களுக்குத் தெரிந்த பழைய சங்கதிகள்தான். கடையும் சுகம். கடைக் கம்பியூட்டர் விடயமாகத்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமை தோஹாவுக்கு விமானம் ஏறும் நம்ம ஊர் இப்றாஹிம் கையில் மாசிக் கருவாட்டுத் துண்டோடும் தொதல் இனிப்போடும் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

வருடம் பிறந்த கையோடு நீங்கள் போன் எடுத்துச் சொன்னது ஞாபகம் இருக்கும். "மாமா, கம்பனி இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்துக் கேக்குது. கடைக் கம்பியூட்டருக்கு நான் லீவில வந்துதான் புது விண்டோஸ் போடணும் எண்டு இருந்தன். நான் இங்க இருந்து சொல்லச் சொல்ல நீங்க செஞ்சி முடிச்சிட்டீங்கண்டா, லீவை உட்டுப்போட்டு கையெழுத்தை வெச்சிடுறன்" என்றீர்கள். நானும் பெரிய மனுசன் கணக்கில், "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மருமகன், நான் இரிக்கன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற றிபாயா அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கு மீன் ஆணத்தில் உப்பே இல்லை. நான் வாயைத் திறக்கப் பார்த்தேன், மாமி கண்ணைக் காட்டினாள், அப்படியே தின்று முடித்தேன். கையெழுத்துக்கு இந்த மாத முடிவுதான் தவணை என்று பிறகு அறிந்தேன். ஆகவே கம்பியூட்டர் வேலை எந்த மட்டில் நிற்கிறது என்பதை ஒளிக்காமல் மறைக்காமல் எழுதுவது என் கடமை.

நீங்கள் அனுப்பிய திட்டத்தை றிபாயா பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர, தொழுகை நேரக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது இருக்கும் எக்ஸ்பியிலிருந்து நேரே ஏழுக்கு ஏற ஏலாது, உள்ளே கிடக்கிற அத்தனையையும் அழித்துத்தான் புதிதாகப் போடவேண்டும், அதற்கு முதல் எல்லாவற்றையும் சீடித் தட்டுகளில் கொப்பி எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்கவேண்டும், கடையில் வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யவேண்டும், உங்கள் சின்ன வாப்பாவின் மகன் ஷரிபுதீன் வந்து உதவி செய்வார் என்றெல்லாம் அதில் இருந்தது. அழிப்பது என்ற சொல்லைப் படித்ததும் எழும்பிப் போய்க் கம்பியூட்டரை ஒருக்கா தடவிப் பார்த்தேன், மெய்யாகவே சொல்கிறேன். சுனாமியில் கடற்கரை வீதிக் கடை மிசினோடும் எழுத்துப் பெட்டிகளோடும் போன நேரம் என்னிடம் கேட்டுக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகு நிவாரணத்தில் கிடைத்த கம்பியூட்டர் இது, ஊரில் பாதிப்பேரின் கலியாண அழைப்புக் காட்டும் காரைதீவுக் கோயில் நோட்டீசும் கல்முனைச் சேர்ச் நோட்டீசும் இதற்குள்ளேதான். அதை நானே பொத்தானை அமத்தி அழிக்கவேண்டும் என்றால் கொஞ்சம் யோசனை வரத்தானே செய்யும்.

முதலாவது இடைஞ்சல் நாள் பார்ப்பதில் வந்தது. நீங்கள் திட்டம் அனுப்பிய நேரம் ஸபர் மாதம் பிறந்திருந்தது. ஸபரில் நம்ம ஊரில் ஆரும் கலியாணம் வைக்கமாட்டார்கள், ஆகவே காட்டு அடிக்க ஆளில்லை, கம்பியூட்டர் சும்மா தூசி பிடித்துக் கிடந்தது. இதுதான் வேலை இல்லாத நாள் என்று நான் சந்தோசப்பட, உங்கள் மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஸபர் மாசத்தில அழிக்கிற வேலையா? உங்களுக்கென்ன, மூளை பிசகிப்போச்சா? இந்த மாசம் நான் கட்டிலைக்கூட இடம் மாத்தல்ல" என்றாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி பதியுதீன் வந்து சேர்ந்தார். அவர் மார்க்க விசயத்தில் கறார் என்பது உங்களுக்குத் தெரியும். "மார்க்கத்தில பீடை மாசம் எண்டு ஒண்டில்ல ராத்தா, இதெல்லாம் நம்மட ஆக்கள் கட்டின கத" என்று தொடங்கினார். மாமி விடவில்லை. "அப்ப உன்ட மகள்ற கலியாணத்தை ஏன் ஸபர் முடியட்டும் எண்டு தள்ளி வெச்ச?" என்று கேட்டாள். "அது மாப்பிள்ளை வீட்டார் கேட்டது" என்று அவர் சொல்ல, கதை எங்கேயோ போய், இரண்டு பேரும் ஒரு கிழமை முகம் பார்க்கவில்லை. சரி, ஸபர் முடியட்டும் என்று நானும் காத்திருந்தேன். முடிந்ததுதான் தாமதம், காத்துக்கிடந்த அத்தனை கலியாணமும் ஒன்றாகக் கடை வாசலில் வந்து இறங்கிற்று. போதாததற்கு எலக்சனும் வந்தது. ஒரு கட்சிக்காரர் நோட்டீசுக்கு வந்து குந்தினால் மற்றக் கட்சிக்காரர் பக்கத்து வாங்கில் இருந்து எட்டிப் பார்க்கிறார். சும்மா கிடந்த மாதத்தில் தொடக்கூடாது, தொடக்கூடிய மாதத்தில் சும்மா கிடக்கவில்லை. இதற்கு நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள்.

நாள் கிடைக்கும் மட்டும் தட்டு வேலையையாவது முடிப்போம் என்று றிபாயாவைக் கொண்டு மூன்று தட்டுகளில் கொப்பி எடுப்பித்தேன். வெவ்வேறு இடம் என்று நீங்கள் எழுதியதை நான் சுனாமி கண்ட மனுசனாக வாசித்தேன். ஒரே தெருவில் இரண்டு இடம் என்பது இரண்டு இடமே இல்லை. ஆகவே ஒன்றைச் சம்மாந்துறையில் என் சபூறா ராத்தாவிடமும், ஒன்றைக் கல்முனைக்குடியில் பதியுதீனின் மாடி வீட்டிலும், மற்றதைக் கிட்டங்கித் தாம்போதி தாண்டி நாவிதன்வெளியில் என் கூட்டாளி செல்லத்தம்பியிடமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்லத்தம்பி வயல்காரர், அவர்களுடைய கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் நம்மிடம்தான் அடிக்கிறது. சண்டைக் காலத்திலென்றால் அந்தப் பாதையில் போக எத்தனை இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டவேண்டும், இப்போது நல்ல காற்று வாங்கிக்கொண்டு மோட்டர்சைக்கிளில் போய்வந்தேன். மூன்று பேரிடமும், "இது அமானிதம், உங்களை நம்பித் தாறன், பத்திரம்" என்று ஒரு சொல் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கவேண்டும்.

ஏனென்றால் அழிப்பதற்கு முதல் தட்டுகள் திறக்குதா என்று பார்க்கச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதற்காகத் திருப்பி எடுக்கப் போனேன். சபூறா ராத்தா தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டு உம்றாவுக்குப் போய்விட்டாள். மக்காவுக்குப் போன் எடுத்து, "ராத்தா, பூட்டை உடைக்கச் சொல்லி மகனிட்டச் சொல்லுங்க" என்றேன். "அமானிதம் எண்டு தந்தவன் கையில நேர குடுத்தாத்தான் எனக்குப் பாரம் இறங்கும். போனில கேக்கிறது உன்ட குரல்தான் எண்டு நான் எப்படி நம்புற?" என்றாள். "நான்தான் ராத்தா, ஹஸன்" என்றேன். "ஹஸன் இப்படித் தாழ்மையா ஒரு நாளும் கதைக்கமாட்டான்" என்று வைத்துவிட்டாள். பிறகு யோசித்தாளோ என்னவோ, மறுபடி எடுத்து, கஃபாவைப் பார்த்துக்கொண்டு என் தட்டுக்காக துஆக் கேட்டதாகச் சொன்னாள். நான் ஜஸாகல்லாஹ் சொல்லிப் போனை வைத்தேன்.

பதியுதீன் வீட்டுக்குப் போனால் அவர் என்னைக் கோழிக்கூட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மச்சான், இதுக்குள்ள கோயில் நோட்டீசும் இரிக்கி எண்டு எங்கட ராத்தா சொன்னா. சாமிப் படம் உள்ள சாமான் வீட்டுக்குள்ள இரிந்தா வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. அமானிதத்தையும் திருப்பித் தர ஏலா. அதான் வெளிய வெச்சன்" என்றார். கூட்டுத் தகரத்துக்கு மேலே, வெயில் விழுகிற இடத்தில், பொலித்தீனில் சுற்றி, மேலே ஒரு கல்லும் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன், எண்ணெயில் போட்ட பப்படம் மாதிரி வளைந்திருந்தது. "பாத்தீங்களா, ஒரு தூசி படல்ல" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்த மனுசனின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டேன்.

மிச்சம் செல்லத்தம்பி. அவர் என்னைக் கண்டதும் கைகால் கழுவி, சாமியறைக்குள் போய், சீடியை வெற்றிலைத் தட்டத்தில் வைத்து இரண்டு கையாலும் கொண்டுவந்து தந்தார். தட்டின் முகத்தில் சந்தனமும் நடுவில் குங்குமமும் நல்ல வடிவாக இருந்தது. "என்ன செல்லத்தம்பி இது?" என்றேன். "காக்கா, அலுமாரிக்குள்ள வெச்சா எலி, பெட்டிக்குள்ள வெச்சா கறையான். சாமியறைய விட நல்ல இடம் என்னட்ட எங்க இரிக்கி? வெள்ளிக்கிழமையில எல்லாத்துக்கும் சந்தனம் வெக்கிறம், இத மட்டும் உட்டா சரியில்லத்தானே" என்றார். அவருடைய மனைவி செல்லத்தங்கம் தயிரும் கட்டித் தந்தா. அந்த அன்புக்கு நான் என்னத்தைச் சொல்ல? கடைக்கு வந்து சாரன் தலைப்பால் துடைத்துக் கம்பியூட்டருக்குள் போட்டேன். அது ஒரு முக்கு முக்கிற்று, கிறுகிறு என்று சுற்றிற்று, பிறகு நின்றுவிட்டது. தட்டும் வெளியே வருகுதில்லை. சந்தன வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. காட்டுக்கு வந்த ஒருவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "ஊதுபத்தி கொளுத்தினீங்களா ஹாஜியார்?" என்று கேட்டார். நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன்.

இனி ஷரிபுதீன் விடயம். தங்கமான பொடியன், வேலை தெரிந்தவர், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மருமகன், அவர் உங்கள் சின்ன வாப்பாவின் மகன், மாப்பிள்ளை வீட்டு ஆள். இதை நீங்கள் திட்டம் போடும்போது யோசிக்கவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து ஸ்குரூ டிரைவரும் குறடும் போட்ட ஆயுதப் பையோடு வந்து, கம்பியூட்டர் பெட்டியைக் கழற்ற நிலத்தில் குந்தப் போனார். உங்கள் மாமி ஓடிவந்தாள். "மாப்பிள்ளை வீட்டு ஆளை நிலத்தில இருத்தி வேலை வாங்கிறதா? நாளைக்கு அக்கரைப்பத்தில என்ன கதைப்பாங்க?" என்று கதிரைக்குப் புதுத் துணி விரித்து இருத்தினாள். கோழி அறுத்தாள், புரியாணி ஆக்கினாள், வட்டிலாப்பம் வைத்தாள். "மாமி, நான் வேலைக்கு வந்தன்" என்று அவர் சொல்லச் சொல்ல அகப்பை இறங்கிக்கொண்டே இருந்தது. தின்றுவிட்டு அந்தப் பிள்ளை கதிரையிலேயே நித்திரை. எழும்பின நேரம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆயுதப் பையைத் தூக்கினார், கனமாக இருந்தது, மாமி அதற்குள் தொதலும் முறுக்கும் கட்டி வைத்திருந்தாள். அடுத்தமுறை வரும்போது வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றார். மாமிக்கு மனம் நொந்து முகம் சுண்டிப்போயிற்று, அதைப் பார்க்க ஏலாமல் அவர் திரும்பவும் சாப்பிட்டார். அன்றைக்கும் நித்திரைதான்.

அத்தோடு விட்டதா? இவ்வளவு மரியாதை செய்த வீட்டுக்குச் சும்மா இருக்க முடியுமா என்று அவருடைய உம்மா, உங்கள் பெரியம்மா, இன்னும் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்து, தட்டுத் தட்டாகப் பலகாரத்தோடு வந்து இறங்கினார்கள். என்ன விசேசம் என்று பக்கத்து வீட்டார் கேட்க, கம்பியூட்டர் பார்க்க வந்தோம் என்றார்களாம். வந்தவர்களைக் கடைப்பக்கம் கூட்டிப்போனேன். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு மேலும் கீழும் பார்த்து, "இதுதானா? கொஞ்சம் பழசு, ஆனா நல்ல அடக்கமா இரிக்கி" என்றா. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு சர்பத் குடித்துக்கொண்டு இருக்கும்போது அவ றிபாயாவைக் கிட்டக் கூப்பிட்டு, தோளில் கையை வைத்து, "என்ன புள்ள, கழுத்தெலும்பு தெரியிது" என்று மெல்லக் கேட்டா. றிபாயா சிரித்துவிட்டு, "கடையில வேலை கூட பெரியம்மா" என்று கிளாசுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த நேரம் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. ஷரிபுதீன் அன்றைக்கும் ஆணி ஒன்றும் கழற்றவில்லை, வேனில் ஆட்களை ஏற்றுவதிலேயே பொழுது போனது.

ஆக, உங்கள் திட்டம் இந்த மட்டில் நிற்கிறது. ஒரு தட்டு பூட்டிக் கிடக்க அதன் திறப்பு மக்காவில், ஒன்று வளைந்துபோயிற்று, மற்றது கம்பியூட்டரின் வயிற்றுக்குள். தட்டு போடும் வழி அடைபட்டதால் புது விண்டோசை உள்ளே விடவும் வழி இல்லை. ஷரிபுதீனைக் கொண்டு செய்விக்க உங்கள் மாமி இருக்கும் வரை ஏலாது. மருமகன் நேரே வந்து கதிரையைப் போட்டுக் குந்தினால் தவிர இந்த வேலை முடியாது என்பது என் முடிவான அபிப்பிராயம். ஆகவே கையெழுத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு, லீவை எடுத்து வாருங்கள். கம்பனிக்காரர் கேட்டால், ஊரில் கம்பியூட்டருக்குச் சுகமில்லை, கடுமை என்று சொல்லுங்கள்.

மாமி உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னா, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போக வேண்டாமாம். றிபாயாவும் சலாம். பதியுதீன் சலாம், செல்லத்தம்பியும் சுகம் விசாரித்தார். அல்லாஹ் உங்கள் கைகளில் பரக்கத்தையும் உங்கள் வழியில் நலவையும் இறக்கிவைப்பானாக.

வஸ்ஸலாம்.
உங்கள் மாமா,
அபுல் ஹஸன்

பின்குறிப்பு: இந்தப் பின்குறிப்பை மட்டும் பேனையால் எழுதுகிறேன். அடித்தால் றிபாயா வாசித்துவிடுவாள். இப்போது அவளும் மாமியும் அஸர் தொழுகிறார்கள். கவரை ஒட்ட முதல் ஒருக்கா வாசித்துப் பார்த்தேன். மேலே எழுதினது ஒன்றும் பொய் இல்லை, அந்த முடிவான அபிப்பிராயம் உள்ள பந்தியைத் தவிர. புது விண்டோஸ் போன வெள்ளிக்கிழமை போட்டாச்சு மருமகன். நான் ஜும்ஆவுக்குப் போய்க் கிறுகி வந்து பார்த்தால் கம்பியூட்டர் திரையில் வேறு நீலம். என்ன புள்ள இது, ஆரு படத்தை மாத்தின என்று கேட்டேன். "முடிஞ்சி வாப்பா" என்றாள் றிபாயா. தட்டுகளை நம்பாமல் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும் எடுத்து வைத்திருந்தாளாம். கல்முனை பஸாரில் தட்டுப் போடும் டிரைவ் புதிதாக ஒன்று வாங்கி, மாமியின் தையல் மிசின் ஸ்குரூ டிரைவரால் தானே கழற்றிப் பூட்டியிருக்கிறாள். நீங்கள் போனில் சொல்லிக் கொடுத்தது அவ்வளவும் அந்தப் பிள்ளையின் மண்டைக்குள் இருந்திருக்கிறது. ஆரும் அவளுக்குப் புரியாணி போட்டுத் தடுக்கவில்லை, அதனால் பின்னேரத்துக்கு முதல் முடிந்துவிட்டது. காட்டு, நோட்டீஸ், எழுத்து, ஒன்றும் குறையவில்லை. மேலே உள்ள கடிதமும் அதில் அடித்ததுதான்.

நான் சந்தோசத்தில், அப்ப மருமகனுக்கு உடனே போன் எடுப்பம் என்றேன். "சொல்ல வேணாம் வாப்பா. ஏலாமக் கிடக்கு எண்டு எழுதுங்க" என்றாள். பொய்யா எழுதுற என்றேன். "பின்ன நான் என்னத்தச் சொல்லி அவரக் கூப்பிடுற?" என்று கேட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கதவடியில் நின்ற மாமி கதிரையைக் கம்பியூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். றிபாயாவுக்காகத்தான் மேலே உள்ளதை எழுதினேன். ஆனால் அந்த ஊர் வெயிலுக்குள் நிற்கிற பிள்ளைக்குப் பொய்யை எழுதிக் கீழே என் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கம்பியூட்டர் நல்ல சுகம். நீங்கள் வந்தால் இங்கே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, முடுக்க ஒரு ஆணிகூட இல்லை. வந்து சும்மா இருங்க மருமகன்.